பெயர் தெரியாதவள், பிரியங்கள் தெரிந்தவள்

புதிதாக ஒருவரைச் சந்திக்கிறோம். தங்கள் பெயர் என்ன, சொந்த ஊர் எது, என்ன உத்தியோகம் என்று விசாரிக்கிறோம். இந்த மூன்றுக்கும் விடை கிடைத்துவிட்டால் ஆளைத் தெரிந்துகொண்டுவிட்டதாகத் திருப்தி அடைகிறோம். உண்மையில் என்ன தெரிந்துகொண்டோம்? அவருக்கு மழை பிடிக்குமா, வெயில் பிடிக்குமா? எந்த வாசனை வந்தால் ஒரு கணம் நிற்பார்? எதைக் கண்டால் அவர் முகம் மலரும்? ஒன்றும் தெரியாது!

இதற்கு நேர்மாறான விசித்திரம் ஒன்று சரித்திரத்தில் உண்டு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு ஜப்பான் தேசத்தில் ஒரு பெண்மணி வாழ்ந்தாள். அவளுடைய இயற்பெயர் இன்றுவரை எவருக்கும் தெரியாது. பிறந்த தேதி தெரியாது. இறந்த தேதியும் தெரியாது. ஆனால் புத்தம் புதிய வெள்ளிக் கிண்ணத்தில் சீவிய பனிக்கட்டியை இட்டு, கொடியிலிருந்து எடுத்த இனிப்புப் பாகை ஊற்றி வைத்தால் அவள் மனம் பரவசம் அடையும் என்பது தெரியும். காரியம் தலைக்கு மேல் இருக்கும் சமயம் பார்த்து வந்து உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்கும் விருந்தாளியைக் கண்டால் அவளுக்கு எரிச்சல் வரும் என்பதும் தெரியும்.

பெயர் மறைந்துவிட்டது, பிரியங்கள் நிலைத்துவிட்டன. அந்த அதிசயம் எப்படி நேர்ந்தது?

பதவியே பெயராயிற்று

சரித்திரம் அவளை ஸெய் ஷோனகான் என்று அழைக்கிறது. இது தாய் தந்தையர் இட்ட பெயர் அல்ல. அவள் பிறந்த குலம் கியோஹாரா. அந்தச் சொல்லின் முதல் எழுத்தைச் சீன முறையில் உச்சரித்தால் 'ஸெய்' என்று வரும். 'ஷோனகான்' என்பது அரசாங்கத்தில் ஓர் ஆலோசகர் பதவியின் பெயர். அந்நாளில் அரண்மனைப் பணிப்பெண்களைக் குலப் பெயராலும், உறவினர் வகித்த பதவிகளின் பெயராலும் அழைப்பதுதான் வழக்கம். வீட்டில் அவளை எப்படிக் கூப்பிட்டார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

அவள் சுமார் 966-ம் ஆண்டில் பிறந்திருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கிடுகிறார்கள். தந்தை கியோஹாரா நோ மோட்டோஸுகே பிரசித்தி பெற்ற கவிஞர். சக்கரவர்த்தியின் ஆணைப்படி பழைய கவிதைகளைத் தொகுத்த ஐந்து பேரில் ஒருவர். இப்படிப்பட்டவருக்கு மகளாகப் பிறப்பது லேசான காரியமா? அவள் ஒரு கவிதை சொன்னால், கேட்பவர்கள் அதை அவளுடைய கவிதையாகவா கேட்பார்கள்? மோட்டோஸுகேயின் மகள் சொன்ன கவிதை என்றுதான் நிறுத்துப் பார்ப்பார்கள். தந்தையின் புகழுக்குத் தன்னால் களங்கம் வரக் கூடாது என்று அஞ்சி, கவிதை இயற்றும்படி தன்னைக் கட்டாயப்படுத்த வேண்டாமென்று அவள் தன் எஜமானியிடம் வேண்டிக் கொண்டாள். எஜமானியும் சிரித்துக்கொண்டே சம்மதித்தாள்.

அந்த எஜமானிதான் இந்தக் கதையின் இன்னொரு பாதி.

திரைக்குப் பின் நின்றவள்

அக்காலத் தலைநகரம் ஹெய்யான். இன்று கியோட்டோ என்று வழங்குவது அந்த நகரமே. சிங்காதனத்தில் இருந்தவர் இச்சிஜோ சக்கரவர்த்தி. அவருடைய பட்டமகிஷி டெய்ஷி. ராணியின் தந்தை பூஜிவாரா நோ மிச்சிடாகா, சக்கரவர்த்தியின் பெயரால் ராஜ்யத்தையே நடத்தி வந்த மகா பிரபு.

சுமார் 993-ம் ஆண்டில் ஷோனகான் ராணியின் பணியில் சேர்ந்தாள். அவளுக்கு அப்போது வயது ஏறக்குறைய இருபத்தேழு. ராணிக்கோ பதினாறு, பதினேழுதான். ஆனாலும் நடுங்கியவள் ஷோனகான்தான்! பகலில் தலைகாட்டவே கூசி, இரவில் மட்டும் வந்து திரைக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டாள். சின்ன ராணி அவளுடைய கூச்சத்தைப் போக்க ஓவியங்களை எடுத்துக் காட்டிப் பேச்சுக் கொடுத்தாள். குளிர் மிகுந்த இரவு. விளக்கு வெளிச்சத்தில், ராணியின் அங்கியின் கைப்புறத்திலிருந்து இளஞ்சிவப்பான விரல்கள் மட்டும் தெரிந்தன. இப்படியும் ஒருவர் உலகத்தில் உண்டா என்று வியந்து அவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அன்று தொடங்கிய பக்தி கடைசி வரையில் குறையவில்லை.

கூச்சம் போனதும் ஷோனகானின் சமத்காரம் வெளிப்பட்டது. ஒரு நாள் வெளியே பனி ஆழமாகப் பெய்திருந்தது. கதவுத் தட்டிகளை இறக்கிவிட்டு, கணப்பு மூட்டி, பணிப்பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அப்போது ராணி, சீன தேசத்து மலைச் சிகரம் ஒன்றின் பெயரைச் சொல்லி, அங்கே பனி எப்படி இருக்கிறது என்று ஷோனகானைக் கேட்டாள். ஷோனகான் வாய் திறந்து பதில் சொல்லவில்லை. எழுந்து போய்த் தட்டியைத் தூக்கச் செய்தாள்; மூங்கில் திரையையும் உயரச் சுருட்டினாள். சீன மகாகவி பை ஜூயீயின் கவிதை ஒன்றில், அந்தச் சிகரத்துப் பனியைத் திரையைத் தூக்கிப் பார்ப்பதாக ஒரு கட்டம் வருகிறது. கேள்வியும் அதிலிருந்து பிறந்தது; பதிலும் அதிலிருந்து பிறந்தது. ராணி சிரித்துவிட்டாள். மற்றப் பெண்களும் அந்தக் கவிதையை அறிந்தவர்கள்தாம். ஆனால் சமயத்தில் தோன்றியது ஒருத்திக்குத்தானே!

ஒரு கட்டுக் காகிதம்

ராணியின் தமையனார் கொரெச்சிகா ஒரு சமயம் கட்டுக் கட்டாக நல்ல காகிதம் கொண்டுவந்து கொடுத்தார். அந்நாளில் காகிதம் அருமையான பண்டம். சக்கரவர்த்தி தம் பங்குக்குச் சீன தேசத்துப் பெரிய சரித்திர நூல் ஒன்றைப் பிரதி எடுக்கச் செய்கிறார். நாம் இதில் என்ன எழுதலாம் என்று ராணி யோசித்தாள். எனக்குக் கிடைத்தால் தலையணையாக்கிக் கொள்வேன் என்றாள் ஷோனகான். அப்படியானால் நீயே வைத்துக்கொள் என்று ராணி அவ்வளவையும் கொடுத்துவிட்டாள். 'தலையணை' என்று அவள் எந்த அர்த்தத்தில் சொன்னாள் என்று பண்டிதர்கள் இன்னமும் வாதாடிக் கொண்டிருக்கிறார்கள். ஆனால் அந்தச் சொல்லே நூலுக்குப் பெயராகிவிட்டது. 'மாகுரா நோ ஸோஷி', அதாவது தலையணைப் புத்தகம்.

அதில் அவள் என்ன எழுதினாள்? தன் வரலாற்றை எழுதவில்லை. தத்துவ விசாரமும் செய்யவில்லை. தனக்குப் பிடித்தவற்றையும் பிடிக்காதவற்றையும் ஜாபிதா போட்டாள்! இடையிடையே அரண்மனையில் கண்ட காட்சிகளையும் நடந்த சம்பவங்களையும் சேர்த்துக்கொண்டாள். ஏறக்குறைய முந்நூறு பகுதிகள். சில பகுதிகள் பல பக்கம் ஓடும். சில இரண்டே வரியில் முடிந்துவிடும்.

வசந்த காலத்தில் அவளுக்கு உகந்தது விடியற்காலம். கோடையில் இரவு, அதிலும் மின்மினிகள் பறக்கும் இருட்டு. இலையுதிர் காலத்தில் மாலைப் பொழுது. குளிர் காலத்தில் அதிகாலை; கரிக் கணப்பை ஏந்திக்கொண்டு ஆட்கள் ஓடும் அந்தப் பரபரப்பு. இதைத்தான் நூலின் முதல் பகுதியாக வைத்தாள். இன்றும் ஜப்பானியப் பள்ளிப் பிள்ளைகள் இந்தப் பகுதியை மனப்பாடம் செய்கிறார்கள்.

நல்ல நிலவில் ஆற்றைக் கடக்கும்போது, வண்டி மாட்டின் காலடியில் நீர் ஸ்படிகத் துண்டுகளாகச் சிதறுவது அவளுக்குப் பிடிக்கும். வண்டிச் சக்கரத்தில் மாசிபத்திரியைப் போன்ற ஒரு செடி நசுங்கி, சக்கரம் சுழலச் சுழல அதன் வாசனை மேலே வருவது பிடிக்கும். தவழ்ந்து போகும் குழந்தை தரையில் கிடக்கும் தூசியைப் பிஞ்சு விரலால் எடுத்துப் பெரியவர்களிடம் காட்டுவது பிடிக்கும். எலி போல ஒலி எழுப்பினால் தத்தித் தத்தி வரும் குருவிக் குஞ்சு பிடிக்கும். யாரோ கிழித்துப் போட்ட கடிதத்தைப் பொறுக்கி ஒட்ட வைத்து, வரிசையாகச் சில வரிகள் படிக்கக் கிடைத்துவிட்டால் அதுவும் பிடிக்கும்! முதல் பாகம் மட்டும் படித்த கதையின் மற்றப் பாகம் அகப்பட்டால் ஆனந்தம். ஆனால் படித்த பிறகு ஏமாற்றம் அடைவதும் உண்டு என்று ஒப்புக்கொள்கிறாள். எந்த வாசகர் இதை மறுக்க முடியும்?

தலைக்குக் குளித்து, நறுமணம் ஏற்றிய உடையை உடுத்திக்கொண்டால், பார்ப்பதற்கு யாரும் இல்லாவிட்டாலும் மனம் உற்சாகம் கொள்ளும் என்கிறாள். மழை பெய்து பொழுது போகாத நாளில், ஒரு காலத்தில் நமக்கு அருமையாயிருந்தவரின் பழைய கடிதம் கையில் அகப்படுவதைப் பற்றியும் சொல்கிறாள்.

பிடிக்காதவற்றின் பட்டியல் இதைவிட ருசிகரமானது. படுத்துக் கண்ணை மூடும் நேரத்தில் காதருகே மெல்லிய குரலில் பாட வரும் கொசு. மை உரைக்கும் கல்லில் ஒட்டிக்கொண்டிருக்கும் தலைமயிர். ஒருவர் கதை சொல்லும்போது நடுவில் புகுந்து தனக்கும் தெரியும் என்று சொல்லத் தொடங்குபவர். விடியற்காலையில் விடைபெறும் சமயத்தில் விசிறியை எங்கே வைத்தேன் என்று இருட்டில் தடவிக்கொண்டிருக்கும் காதலன்!

அவளிடம் குற்றம் இல்லாமல் இல்லை. அரண்மனைக்கு வெளியே இருந்த எளிய மக்களை அவள் கண் ஏளனமாகவே பார்த்தது. வெண்பனி ஏழைகளின் குடிசைமீது பெய்வது பொருத்தமில்லாத காட்சி என்றுகூட எழுதியிருக்கிறாள். படிக்கும்போது சுருக்கென்று தைக்கிறது. ஆனால் தன்னைப் பற்றி நல்லதை மட்டும் காட்ட நினைத்தவள் இதை எழுதியிருப்பாளா? தன் அழகையும் கோணலையும் சேர்த்தே நம் முன் வைத்துவிட்டாள்.

எழுதாமல் விட்டவை

இந்தப் புத்தகத்தைப் படிப்பவர்கள், அந்த அரண்மனையில் ஓயாத சிரிப்பும் தீராத விளையாட்டும்தான் இருந்தன என்று நினைப்பார்கள். ராணிக்கு என்ன நேர்ந்தது என்பதைச் சரித்திரத்தில் படித்தால்தான் திடுக்கிடுவார்கள்.

995-ம் ஆண்டில் ராணியின் தந்தை மிச்சிடாகா நோயில் இறந்தார். அதிகாரம் அவருடைய தம்பி மிச்சிநாகாவின் கைக்குப் போயிற்று. அடுத்த ஆண்டிலேயே ராணியின் சகோதரர்கள் இருவரும் குற்றம் சாட்டப்பட்டு நாடு கடத்தப்பட்டார்கள். ராணி தன் கூந்தலைக் கத்தரித்துத் துறவு பூண முயன்றாள். அதே ஆண்டில் அவளுடைய மாளிகை தீக்கிரையாயிற்று. தாயும் கண்ணை மூடினாள். சக்கரவர்த்தியின் அன்பு மட்டும் மாறவில்லை. ஆனால் அன்பால் அரசியலை எதிர்க்க முடியவில்லை. மிச்சிநாகா தம் பன்னிரண்டு வயது மகள் ஷோஷியை 999-ம் ஆண்டில் அந்தப்புரத்தில் சேர்த்தார். மறு ஆண்டில் அந்தச் சிறுமியும் பட்டமகிஷி ஆக்கப்பட்டாள். ஒரே சக்கரவர்த்திக்கு இரண்டு பட்டமகிஷிகள். அதற்கு முன் கண்டிராத புதுமை அது.

999-ல் பிரசவத்துக்காக ராணி சென்று தங்கியது நரிமாஸா என்ற சாதாரண அதிகாரியின் வீட்டில். அந்த வீட்டின் ஒரு வாசலில் பணிப்பெண்களின் வண்டி நுழையவே முடியவில்லை. அவ்வளவு குறுகல்! பெண்கள் இறங்கி, ஆண்கள் பார்க்க நடந்து செல்ல வேண்டியதாயிற்று. ஒரு ராணியின் பரிவாரத்துக்கு இது எத்தனை பெரிய தலைகுனிவு! ஷோனகான் இதை எப்படி எழுதுகிறாள் தெரியுமா? தலைவாரிக்கொள்ளாமல் வந்துவிட்ட தன் சங்கடத்தையும், வாசலைப் பற்றி நரிமாஸாவைத் தான் கேலி செய்ததையும், அந்தக் கேலியில் இருந்த சீனத்துப் பழங்கதையை அவர் கண்டுகொண்டு வியந்ததையும் வேடிக்கையாகச் சொல்லி முடித்துவிடுகிறாள். ராணியின் வீழ்ச்சியைப் பற்றி ஒரு புலம்பல் கிடையாது.

ஓக்கினாமாரோ என்ற நாயின் கதையும் அந்தச் சமயத்ததுதான். சக்கரவர்த்தியின் செல்லப் பூனைக்கு அரண்மனையில் பதவி அந்தஸ்து இருந்தது. பூனையைக் கவனிக்கும் தாதி விளையாட்டாக ஏவ, நாய் பூனைமீது பாய்ந்தது. நாயை அடித்து விரட்டும்படி உத்தரவாயிற்று. சில நாட்களுக்குப் பின் உடம்பெல்லாம் வீங்கிய ஒரு நாய் வந்து நின்றது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை. சோறு வைத்தால் தின்னவில்லை. வேறு நாய் போலும் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். மறுநாள் காலையில் ஷோனகான், பாவம் ஓக்கினாமாரோ, எத்தனை அடிபட்டதோ, அடுத்த பிறவியில் என்னவாகப் பிறந்திருக்கிறதோ என்று வாய்விட்டு இரங்கினாள். அந்த நாய் உடல் நடுங்கிக் கண்ணீர் விட்டது! பிறகு அதற்கு மன்னிப்புக் கிடைத்தது. நாடு கடத்தப்பட்ட சகோதரர்களின் நினைவு இந்தக் கதைக்குள் ஒளிந்திருக்கிறது என்று அறிஞர்களில் சிலர் கருதுகிறார்கள்.

1000-ம் ஆண்டில், அந்நாளைய ஜப்பானியக் கணக்குப்படி பன்னிரண்டாம் மாதத்தில், டெய்ஷி ராணி ஒரு பெண் குழந்தையைப் பெற்றெடுத்துவிட்டு உயிர் நீத்தாள். வயது இருபத்து நான்கைத் தாண்டவில்லை. தலையணைப் புத்தகத்தில் இந்த மரணம் இல்லை. ராணி மறைந்த பிறகும் ஷோனகான் அந்நூலை எழுதிக்கொண்டிருந்தாள் என்பது ஆராய்ச்சியாளர் பலரின் முடிவு. அப்படியானால் அந்தச் சிரிப்புக்கு வேறு அர்த்தம் ஏற்படுகிறது. வெள்ளிக் கிண்ணத்தையும் நிலவையும் பற்றி எழுதியவள் கவலை அறியாதவள் அல்ல. எல்லாம் போன பிறகு, போகக் கூடாதவற்றை எண்ணி எண்ணி எடுத்து வைத்தவள்.

இருபது கட்டும் ஒரு பாயும்

ஷோனகான் ஒருமுறை ராணியிடம் தன் மனத்தைத் திறந்து பேசியிருந்தாள். உலகம் வெறுத்துப்போய், உயிர் வாழவே பிடிக்காத நேரத்திலும் நல்ல வெள்ளைக் காகிதமும் நல்ல தூரிகையும் கிடைத்தால் மனம் தேறிவிடும் என்றாள். நெருக்கமாக முடைந்த பச்சைப் பாயில், வெள்ளைக் கரைமீது கறுப்பு வேலைப்பாடு பளிச்சென்று தெரிவதைப் பார்த்தால், இன்னும் கொஞ்ச நாள் வாழலாம் என்று தோன்றும் என்றாள். இவ்வளவு சுலபமாக நீ தேறிவிடுவாயா என்று ராணி சிரித்தாள்.

பின்னர் ஒரு சமயம் ஷோனகான் மனம் நொந்து தன் வீட்டில் போய் இருந்தாள். அப்போது ராணியிடமிருந்து இருபது கட்டு உயர்ந்த காகிதம் வந்து சேர்ந்தது. சீக்கிரம் திரும்பி வா என்ற கட்டளையும் கூடவே வந்தது. இரண்டு நாள் கழித்துச் சிவப்பு உடை தரித்த ஓர் ஆள் வந்து, ஒரு பாயைப் போட்டுவிட்டு, யார் அனுப்பியது என்று சொல்லாமல் போய்விட்டான். பார்த்தால், அவள் வர்ணித்த அதே மாதிரிப் பாய்!

ராணிக்கு அவளுடைய குலம் தெரியும், தந்தையின் புகழ் தெரியும், பதவி தெரியும். ஆனால் நொந்து கிடந்தவளை எழுப்பி உட்கார வைப்பதற்கு அவையா உதவின? என்றோ ஒரு நாள் பேச்சோடு பேச்சாகச் சொன்ன ஒரு சின்ன ஆசையை நினைவில் வைத்துக்கொண்டிருந்தாளே, அதுதான் உதவியது.

நடையோரப் பாயில் கிடந்த புத்தகம்

தலையணைப் புத்தகம் வெளியே வந்த விதமும் விசித்திரமானது. ஒரு பிரபு அவள் வீட்டுக்கு வந்தார். அவர் உட்காருவதற்காக ஷோனகான் பாய் ஒன்றை எடுத்துப் போட்டாள். புத்தகம் அதன்மேல் இருந்ததைக் கவனிக்கவில்லை. பதறிப்போய் எடுக்க முயன்றாள். அதற்குள் அவர் கைப்பற்றிக்கொண்டு போய்விட்டார். வெகு நாள் கழித்துத்தான் திருப்பிக் கொடுத்தார். அதற்குள் பலர் படித்துவிட்டார்கள். இது அவளே கூறும் விவரம்.

எல்லோரும் அவளைப் புகழ்ந்துவிடவில்லை. இளைய ராணி ஷோஷியின் பணியில் இருந்தவள் முராஸாகி ஷிக்கிபு. உலகப் புகழ் பெற்ற கெஞ்சி கதையை எழுதிய அதே முராஸாகி. அவள் தன் நாட்குறிப்பில் ஷோனகானைக் கர்வி என்று சாடியிருக்கிறாள். சீன எழுத்துக்களை அள்ளித் தெளிக்கிறாள், உற்றுப் பார்த்தால் குறைகள் பல தெரியும், இப்படிப்பட்டவர்களுக்கு நல்ல முடிவு வராது என்பது அவள் கருத்து. ஷோனகானின் முடிவு எப்படி இருந்தது? வறுமையில் வாடினாள் என்று பிற்காலக் கதைகள் கூறுகின்றன, ஆதாரம் கிடையாது.

அவள் கைப்பட எழுதிய ஏடு இன்று இல்லை. பிரதிகள்தாம் இருக்கின்றன, அவையும் வரிசையில் ஒன்றுக்கொன்று மாறுபடுகின்றன. ஆனாலும் அவள் போட்ட பாதையில் ஜப்பானில் ஓர் இலக்கிய வகையே வளர்ந்தது. மனம் போன போக்கில் எழுதுவது என்ற பொருளில் அதை 'ஸுயிஹிட்ஸு' என்கிறார்கள். கென்கோ என்ற துறவி பதினான்காம் நூற்றாண்டில் எழுதிய நூலும் அந்த வகையே. 1928-ல் ஆர்தர் வேலி தலையணைப் புத்தகத்தின் சில பகுதிகளை ஆங்கிலத்தில் தந்தார். 1967-ல் ஐவன் மாரிஸின் மொழிபெயர்ப்பும், 2006-ல் மெரெடித் மெக்கின்னியின் மொழிபெயர்ப்பும் வெளிவந்தன.

சக்கரவர்த்தியையே ஆட்டிவைத்த மிச்சிநாகாவைச் சரித்திர மாணவர்கள் அறிவார்கள். ஆனால் அவர் வீட்டுக்கு நாம் விருந்துக்குப் போக நேர்ந்தால், அவருக்குப் பிரியமாக என்ன கொண்டுபோவது என்று திகைத்து நிற்போம். ஷோனகான் வீட்டுக்குப் போவதானால் அந்தத் திகைப்பு இல்லை. நல்ல வெள்ளைக் காகிதம் ஒரு கட்டு, அது போதும்.

நம் வீட்டில் நம்மோடு இருப்பவர்களின் பெயரும் வயதும் நமக்கு நன்றாகத் தெரியும். அவர்கள் மனம் நொந்து உட்காரும் நாளில் எதைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்பது தெரியுமா?